தம்பி முற்றத்தில் போய் நின்ற இரவு

கேள்வி:

மிஸ்,

மட்டக்களப்பு, படுவான்கரைப் பக்கம் ஒரு ஊரில இருந்து எழுதுறன். ஊர்ப் பேர், எங்கட பேர் ஒண்டும் போட வேணாம். என்ட தம்பிக்கு 22 வயசு. பெயின்ட் அடிக்கிற வேலைக்குப் போறவன். அவன் வேலை செய்த ஒரு வீட்டில காப்பு ரெண்டு காணாமப் போயிட்டு. வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு ரெண்டு பேர் சிவிலில வந்து, "ஒரு வாக்குமூலம் எடுத்திட்டு விடுறம்" எண்டு கூட்டிட்டுப் போனாங்க. சனிக்கிழமை அம்மாவும் நானும் ஸ்டேசனுக்குப் போய்க் கேட்டம். "அப்பிடி ஒருத்தரும் இஞ்ச இல்ல" எண்டாங்க. ஞாயிறு காலையில ஏழு மணிக்கு ரோட்டில கொண்டு வந்து விட்டிட்டுப் போனாங்க. நடக்க ஏலாம வந்தான். உள்ளங்காலிலயும் முதுகிலயும் அடிச்சிருக்கு. சிங்களத்தில எழுதின தாள் ஒண்டில கையெழுத்து வாங்கியிருக்கு. ரெண்டு நாளைக்குப் பிறகு அந்தக் காப்பு அந்த வீட்டுக்குள்ளயே கிடைச்சிட்டாம். ஒருத்தரும் வந்து ஒரு வார்த்தை சொல்லல்ல.

பிறகு ஒரு நாள் ரீவியில "விசாரணை" படம் போட்டாங்க. நிப்பாட்டச் சொல்லியும் தம்பி கேக்கல்ல. அடிக்கிற இடமெல்லாம் பேசாம இருந்து பாத்தான். கோட்டில அவங்க உண்மையச் சொல்லி விடுதலையாகக்குள்ள சிரிச்சான். கடைசியில அவங்களச் சுட்டதும் எழும்பி முத்தத்தில போய் நிண்டான். "பாத்தியா அக்கா, உண்மையச் சொன்னாக்கள் கடைசியில எங்க போனாங்க எண்டு" எண்டான். அதுக்குப் பிறகு வேலைக்கும் போறல்ல. மோட்டச்சைக்கிள் சத்தம் கேட்டா அறைக்குள்ள போயிடுறான். அம்மா, "உயிரோட விட்டாங்களே, அதுவே காணும்" எண்டு சொல்றா. விட்டு ஒன்பது நாளாயிட்டு. நாங்க முறையிடலாமா? முறையிட்டா இன்னும் வருமா?

ஒரு அக்கா

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

கடிதத்தின் அடியில் தொலைபேசி இலக்கம் எழுதியிருந்ததால் வியாழக்கிழமை கடிதம் கிடைத்ததும் உங்களை அழைத்தேன். ஞாயிறு இதழ் வரும்வரை விட மனம் கேட்கவில்லை. இந்த விஷயத்தில் ஒவ்வொரு நாளுக்கும் கணக்கு உண்டு. அன்றைக்கு இரண்டே இரண்டு காரியம் சொன்னேன்: தம்பியை உடனே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். மறுநாள் நீங்கள் எடுத்து, "அவன் வர மாட்டானாம் மிஸ், அந்தப் படத்தையே சொல்றான்" என்றீர்கள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். இதை அவனிடம் வாசிக்கக் கொடுங்கள். வாசிக்காவிட்டால் பக்கத்தில் இருந்து வாசித்துக் காட்டுங்கள்.

முதலில் படத்தைப் பற்றியே பேசுவோம். அவன் அதைத்தான் சாட்சியாக வைத்திருக்கிறான். சாட்சியை விசாரிக்காமல் விட்டால் நான் சட்டத்தரணி இல்லை.

வெற்றிமாறன் எடுத்த அந்தப் படம் பொய் சொல்லவில்லை. ஆந்திராவின் குண்டூருக்குக் கூலி வேலைக்குப் போன தமிழ்ப் பொடியன்கள், படுக்க இடமில்லாமல் பூங்காவில் படுத்தவர்கள். பெரிய வீட்டுக் களவு ஒன்றின் கோப்பை மூடுவதற்கு ஆள் தேவைப்பட்டது, இவர்கள் கையில் அகப்பட்டார்கள். செய்யாத களவை ஒப்புக்கொள் என்று அடித்தார்கள். இந்தத் தொழிலில் இருக்கும் எனக்கு அந்த அடியை விட அதைச் செய்கிறவர்களின் முகம்தான் பயமாக இருந்தது. கோபமே இல்லை, அலுவலகத்தில் கடிதம் தட்டுகிற மாதிரி அடிக்கிறார்கள். உங்கள் தம்பி பேசாமல் இருந்து பார்த்தான் என்றால், அவனுக்கு அதில் தெரியாதது ஒன்றும் இருந்திருக்காது.

ஆனால் தம்பி ஒரு இடத்தைப் பிழையாக விளங்கியிருக்கிறான். அந்தப் பொடியன்கள் கோட்டில் உண்மையைச் சொன்னதற்காகச் சாகவில்லை. கோட்டில் சொன்னதால்தான் வெளியே வந்தார்கள். அதற்குப் பிறகு தமிழ்நாட்டில், வேறொரு பொலிஸ் நிலையத்தில் கூட்டித் துடைக்க நிறுத்திவைக்கப்பட்டபோது, தங்களுக்குச் சம்பந்தமே இல்லாத பெரிய இடத்துக் கொலை ஒன்றின் கதை அவர்கள் காதில் விழுந்துவிடுகிறது. அதற்காகத்தான் கொல்லப்படுகிறார்கள். ஏன் அவ்வளவு இலேசாகக் கொல்ல முடிந்தது? அவர்கள் அந்த நிலையத்துக்குள் இருப்பது வெளியில் ஒரு சனத்துக்கும் தெரியாது. ஒரு புத்தகத்திலும் பெயர் இல்லை. வாசலில் வந்து கேட்க அம்மாவும் இல்லை, அக்காவும் இல்லை.

இன்னொன்றும் அவனுக்குச் சொல்லுங்கள். அந்தப் படத்தின் முதல் பாதி, மு. சந்திரகுமார் என்ற கோயம்புத்தூர் ஆட்டோ ஓட்டுநர் எழுதிய "லாக்கப்" என்ற புத்தகத்தில் இருந்து வந்தது. குண்டூரில் பிடிபட்டு அடிவாங்கியது அவர்தான். உயிரோடு திரும்பி வந்தார். நடந்ததை உட்கார்ந்து எழுதினார். சுட்டுக் கொல்லும் இரண்டாம் பாதி அவருக்கு நடந்ததல்ல, இயக்குநர் வேறு சம்பவங்களில் இருந்து சேர்த்தது. சந்திரகுமார் எழுதாமல் விட்டிருந்தால் குண்டூர்ப் பொலிஸ் நிலையத்துக்குள் நடந்தது அந்தச் சுவருக்குள்ளேயே கிடந்திருக்கும். படுவான்கரையில் ஒரு வீட்டு ரீவி வரைக்கும் வந்திருக்காது.

அம்மாவின் பயத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். "விசாரித்துவிட்டு விடுறம்" என்ற சொல்லுக்கு எங்கள் மாவட்டத்தில் என்ன அர்த்தம் என்று அவவுக்குத் தெரியும். 1990 செப்டம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமில் இருந்து 158 பேரைக் கொண்டு போனார்கள். ஒருவரும் திரும்பவில்லை. அந்தக் காலத்தைக் கண்ட ஒரு தாய், பிள்ளை நொண்டிக்கொண்டாவது படலைக்குள் வந்துவிட்டான் என்றால் கும்பிடத்தான் செய்வா. "அதுவே காணும்" என்று அவ சொல்வதற்குப் பின்னால் முப்பத்தைந்து வருடம் இருக்கிறது. அவவோடு வாதாட வேண்டாம்.

இனி "முறையிட்டால் இன்னும் வருமா" என்ற கேள்வி. வராது என்று நான் சத்தியம் பண்ண முடியாது. 2002இல் வத்தளையில் ஜெரால்ட் பெரேரா என்ற சிங்களவரை ஆள் மாறிப் பிடித்தார்கள். கொழும்புத் துறைமுகக் கப்பல் பட்டறை ஒன்றில் சமையல்காரராக இருந்தவர். சிறுநீரகம் பழுதாகி நினைவிழக்கும் அளவுக்கு அடித்தார்கள். 2003இல் நாட்டின் ஆக உச்ச நீதிமன்றமான உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லி நட்டஈடும் கொடுத்தது. 2004 நவம்பரில், அதற்குக் கீழே உள்ள மேல் நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல இருந்த நேரத்தில், பஸ்ஸில் வைத்துச் சுடப்பட்டு இறந்தார். இதை மறைத்துவிட்டு உங்களுக்குத் துணிவு சொல்ல எனக்கு விருப்பமில்லை. அந்தச் சாவுக்குப் பிறகு இந்த நாட்டில் சாட்சிகளைப் பாதுகாக்க ஒரு சட்டம் வர 2015 வரைக்கும் சென்றது. 2023இல் அதற்குப் பதிலாகப் புதிய சட்டம் வந்திருக்கிறது. முறைப்பாட்டுக்காரரை மிரட்டுவது அதன்படி தனிக் குற்றம். யாராவது வீட்டு வாசலில் வந்து நின்றால், ஒரு சொல் சொன்னால், திகதி, நேரம், வாகன இலக்கம் எல்லாம் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அன்றைக்கே எனக்குச் சொல்லுங்கள்.

இத்தனை வருடத்தில் நான் கண்டதையும் சேர்த்துச் சொல்லுகிறேன். மறுபடி பிடிபட்ட பொடியன்களில் அதிகம் பேர் முறையிடாதவர்கள். ஒருதரம் அடித்து ஒரு சத்தமும் வராத பொடியனின் பெயர் அடுத்த களவு நடக்கும்போது முதலில் ஞாபகம் வருகிறது. "அண்டைக்குக் கொண்டுவந்த அந்தப் பெயின்ட்காரன் எங்க?" என்று கேட்பார்கள். ஆணைக்குழுவில் கோப்பு இருக்கிற பொடியனைத் தொட ஒருதரம் யோசிப்பார்கள். எல்லா இடத்திலும் அப்படி நடக்கும் என்று சொல்லவில்லை. என் மேசைக்கு வந்தவர்களிடம் கண்டதைச் சொல்கிறேன்.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். தம்பிக்கு நடந்ததில் எத்தனை பிழை என்று பாருங்கள்.

வெள்ளி பின்னேரம் நாலு மணியில் இருந்து ஞாயிறு காலை ஏழு மணி வரை 39 மணித்தியாலம். பிடியாணை இல்லாமல் பிடித்த ஒருவரை, பயணத்துக்குச் செல்லும் நேரம் தவிர்த்து, 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும் என்று 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை சொல்கிறது. களவுச் சந்தேகத்துக்கு அதுதான் கணக்கு. அவனை நீதவான் கண்ணிலேயே காட்டவில்லை. ஏன் பிடிக்கிறோம் என்று பிடிக்கும்போதே சொல்ல வேண்டும். "வாக்குமூலம் எடுக்க" என்று சொல்லிக் கூட்டிப் போய்ப் பூட்டிவைத்தால் அது கைதுதான். அரசியலமைப்பின் 13ஆவது உறுப்புரை இதற்குத்தான் இருக்கிறது. 11ஆவது உறுப்புரை ஒரே வரி: எவரும் சித்திரவதைக்கோ கொடூரமான, மனிதத்தன்மையற்ற, இழிவான நடத்துகைக்கோ உட்படுத்தப்படலாகாது. "ஆனால்" என்று ஒரு விதிவிலக்கும் அதில் கிடையாது. யுத்தம் என்றாலும் இல்லை, அவசரகாலம் என்றாலும் இல்லை. களவு எடுத்தவனை அடிக்கலாம், எடுக்காதவனை அடிக்கக் கூடாது என்றும் அதில் எழுதியில்லை. காப்பு அந்த வீட்டிலேயே கிடைத்தது என்று உங்கள் கடிதத்தில் அழுத்தி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மனம் எனக்கு விளங்குகிறது. ஆனால் தங்கச்சி, அவனே அந்தக் காப்பை எடுத்திருந்தாலும் அவன் உள்ளங்காலில் ஒரு அடி விழக் கூடாது. உயர் நீதிமன்றம் 1987இலேயே இதைச் சொல்லிவிட்டது: மனுதாரர் பழுத்த குற்றவாளியாகவே இருக்கட்டும், அவரைச் சித்திரவதை செய்யப் பொலிஸுக்கு உரிமை கிடையாது.

அந்தச் சிங்களத் தாள் உங்களை நித்திரை கொள்ள விடவில்லை என்று தொலைபேசியில் சொன்னீர்கள். அதில் "நான்தான் எடுத்தேன்" என்று எழுதியிருந்தாலும், பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவரிடம் சொன்ன ஒப்புதலை அவனுக்கு எதிராக வழக்கில் காட்ட முடியாது. 1895இல் இருந்து இருக்கிற எங்கள் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு அது. பயங்கரவாதத் தடைச் சட்டம்தான் இதற்குப் புறநடை. அதில் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாதவர் முன் சொன்ன ஒப்புதலைச் சாட்சியாக எடுக்கலாம். 1979இல் இருந்து எங்கள் பொடியன்கள் எத்தனை பேரின் ஆயுளை அந்த ஒரு பிரிவு தின்றிருக்கிறது என்பது தனிக் கதை. தம்பியின் விஷயம் அதுவல்ல, சாதாரண களவுச் சந்தேகம். ஒப்புதல் செல்லாது என்றால் பிறகு ஏன் அடிக்கிறார்கள் என்று கேட்பீர்கள். "எங்கே ஒளித்து வைத்தாய்" என்று அடித்து, அவன் காட்டுகிற இடத்தில் பொருள் கிடைத்தால், கிடைத்த அந்த மட்டிலான பேச்சைச் சாட்சியாக எடுக்க 27ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. அந்த ஓட்டைக்குள்ளால்தான் தடி நுழைகிறது. எடுக்காத பொருளை எங்கே காட்டுவான்? காட்ட ஒன்றும் இல்லாதவன்தான் ஆகக் கூட அடிவாங்குகிறான். தம்பியை 39 மணித்தியாலம் வைத்திருந்ததன் காரணம் அவன் ஒன்றும் எடுக்காததுதான் என்று நான் நம்புகிறேன்.

படத்தின் கோட்டுக் காட்சியை இந்த இடத்தில் நினைத்துப் பாருங்கள். பொடியன்கள் பேசுவது நீதிபதிக்கு விளங்காது, நீதிபதி பேசுவது இவர்களுக்கு விளங்காது. தற்செயலாக அன்றைக்கு அங்கே வந்திருந்த தமிழ்நாட்டுப் பொலிஸ் அதிகாரி ஒருவர் மொழிபெயர்த்துக் கொடுப்பதால்தான் உண்மை நீதிபதியின் காதுக்குப் போகிறது. அவர் வேறு வேலையாய் வந்தவர், வராமலும் இருந்திருக்கலாம். அவர்களுக்கு அது அயலூர், நாம் இருப்பது சொந்த மண்ணில். வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நிர்வாக மொழி என்று அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரை சொல்கிறது. வாக்குமூலத்தை எழுதி முடித்ததும் வாசித்துக் காட்ட வேண்டும், மொழி விளங்காவிட்டால் விளங்கும் மொழியில் சொல்ல வேண்டும், திருத்தவும் கூட்டவும் இடம் கொடுக்க வேண்டும் என்று நான் மேலே சொன்ன சட்டக்கோவையிலேயே இருக்கிறது. இதை வாசிக்கிற மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: விளங்காத தாளில் கையெழுத்து வைக்கத்தான் வேண்டும் என்ற நிலை வந்தால், கையெழுத்துக்குப் பக்கத்தில் தமிழில் "எனக்கு வாசித்துக் காட்டப்படவில்லை" என்று எழுதுங்கள். அடிவாங்கிக்கொண்டு இருக்கிறவனுக்கு அது இலேசில்லை, எனக்குத் தெரியும். தம்பி வைத்துவிட்டான் என்பதற்காக அவனை ஏசாதீர்கள். அந்த நேரத்தில் நானும் வைத்திருப்பேன்.

இனிச் செய்ய வேண்டியது. ஒரு மாதம் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றத்தில் 126ஆவது உறுப்புரையின் கீழ் மனுப் போட ஒரு மாதம்தான் தந்திருக்கிறார்கள். அவனைக் கூட்டிப் போன வெள்ளிக்கிழமையில் இருந்தே எண்ணுங்கள். நான் இதை எழுதுகிற சனிக்கிழமையோடு 15 நாள் போய்விட்டது. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் இந்தக் கணக்கில் சேராது என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. ஆனால் கடிதத்தைப் போட்டுவிட்டு வீட்டில் இருந்தால் போதாது. விசாரணை நடக்கிறது என்பதற்கு எழுத்து இருக்கிறதா என்று நீதிமன்றம் பிறகு கேட்கும். மட்டக்களப்பில் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் இருக்கிறது, அம்பாறைப் பக்கத்து ஆட்களுக்குக் கல்முனையில் இருக்கிறது. நேரில் போங்கள். தமிழில் எழுதிக் கொடுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். ஒரு சதமும் செலவில்லை.

ஆணைக்குழுவில் அவனுக்காக நீங்களும் முறையிடலாம், சட்டம் அதற்கு இடம் தருகிறது. அவனுக்குத் தெரியாமல் போய் எழுதிக் கொடுக்கலாமா என்று வெள்ளிக்கிழமை கேட்டீர்கள். வேண்டாம். இரண்டு நாளாக அவனைக் கேட்காமல்தான் அவன் உடம்பில் எல்லாம் நடந்தது. வீட்டில் இருக்கிற நாங்களும் அவனைக் கேட்காமல் ஒரு காரியம் செய்யக் கூடாது. ஆனால் நாள் எண்ணிக்கையை அவனிடம் மறைக்காமல் சொல்லுங்கள். முடிவு அவனுடையது, ஆனால் காலம் கடந்த பிறகு எடுக்கிற முடிவுக்குப் பயன் இல்லை என்று அவனுக்கு விளங்க வேண்டும்.

ஆஸ்பத்திரியை அதைவிட முக்கியமாக நினைக்கிறேன். பல வருடத்துக்கு முந்தி ஒரு தகப்பன், மீன்பிடிக்கப் போகும் தன் மகனைக் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். பொடியனின் கதையில் ஒரு சொல்லைக்கூட நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அடித்து 47 நாள். நல்லெண்ணெய் பூசி, ஒத்தணம் கொடுத்து, வீட்டார் காயத்தையெல்லாம் மாற்றிவிட்டிருந்தார்கள். ஒரு பிள்ளைக்குப் பெற்றவர்கள் அதைத்தானே செய்வார்கள். ஒரு ஆஸ்பத்திரித் துண்டும் இல்லை, ஒரு படமும் இல்லை. நான் கைகட்டி இருந்தேன். போகும்போது அந்தப் பொடியன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் எனக்குள் இருக்கிறது. அதற்குப் பிறகு இப்படி யார் அழைத்தாலும் நான் முதலில் கேட்கிற கேள்வி, "டொக்டருக்குக் காட்டினீங்களா?"

பதினைந்து நாள் ஆனாலும் போகலாம். கண்டல் மங்கியிருக்கும், ஆனால் உள்ளங்காலில் அடித்த வலி நடக்கும்போது இன்னும் இருக்கும். தழும்பு, வீக்கம், மூட்டு, பல், காது எல்லாவற்றையும் சட்ட வைத்திய அதிகாரி பார்த்து எழுதுவார். நித்திரை இல்லாதது, மோட்டச்சைக்கிள் சத்தத்துக்கு ஒளிந்துகொள்வது, இதையும் வெட்கப்படாமல் சொல்ல வேண்டும். அதுவும் காயம்தான், அதையும் எழுதலாம். பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவும் இருக்கிறது. "பைத்தியத்துக்குக் காட்டுறாங்களாம்" என்று ஊர் கதைக்குமே என்று அம்மா யோசிப்பா. அந்தப் பிரிவு வாசலில் வரிசையில் இருப்பவர்களில் பாதிப் பேர் எங்களைப் போன்ற சாதாரண சனம்தான் என்று சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் கவனமாகச் செய்ய வேண்டும். வார்ட்டில் சேர்க்கும் டொக்டர் "என்ன நடந்தது?" என்று கேட்பார். "விழுந்திட்டன்" என்று சொல்லிவிடக் கூடாது. எத்தனையோ வழக்கு அந்த ஒரு சொல்லில்தான் செத்துப் போயிருக்கிறது. "பொலிஸ் அடிச்சது. இந்தத் திகதி, இதால, இந்த இடத்தில" என்று சொல்ல வேண்டும். டொக்டர் அதைத் தலைமாட்டுச் சீட்டில் எழுதுவார். நீதிமன்றம் பிறகு அந்தச் சீட்டைத்தான் கொண்டுவரச் சொல்லும். ஆஸ்பத்திரிக்குள் இருக்கிற பொலிஸ் காவலரணில் இருந்து வாக்குமூலம் எடுக்க வருவார்கள். பயப்பட வேண்டாம், தமிழில் எழுதச் சொல்லுங்கள். அவன் அன்றைக்குக் கட்டியிருந்த சாரத்தையும் சேட்டையும் கழுவாமல் வைத்திருந்தால் பழைய பேப்பரில் சுற்றி வையுங்கள், பொலித்தீன் பையில் வேண்டாம். தழும்புகளைப் பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்து எடுத்தால் நல்லது.

நீங்களும் அம்மாவும் சனிக்கிழமை நிலையத்துக்குப் போய்க் கேட்டு, "இல்லை" என்று சொன்னார்களே, அது பெரிய சாட்சி. எத்தனை மணி, வாசலில் நின்றவர் எப்படி இருந்தார், எந்த பஸ்ஸில் போனீர்கள், பஸ் ரிக்கட் பையில் கிடக்கிறதா, எல்லாம் இன்றைக்கே எழுதுங்கள். அவனை ரோட்டில் இறக்கும்போது கண்ட அயலவர் யாராவது சொல்லச் சம்மதிப்பார்களா என்று மெதுவாகக் கேளுங்கள். வற்புறுத்த வேண்டாம்.

முறைப்பாடு போன பிறகு ஊரில் ஒருவர் வருவார். கட்சிக்காரராக இருக்கலாம், கோயில் நிருவாகத்தில் உள்ளவராக இருக்கலாம், நல்ல மனிதராகவும் இருக்கலாம். "அவங்க பிழையை ஒத்துக்கொள்றாங்க, செலவுக்கு ஏதோ தாறாங்களாம், ஒரு துண்டு எழுதிக் குடுங்க" என்பார். எந்தத் துண்டிலும் கையெழுத்து வைக்காதீர்கள். என்னிடம் அனுப்புங்கள்.

உயர் நீதிமன்றம் கொழும்பில். காசு எங்கே என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடிதத்தில் தெரிகிறது. சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு மட்டக்களப்பிலும் கல்முனையிலும் நிலையம் இருக்கிறது. வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாகச் செய்வார்கள். மனுவைத் தம்பியின் சார்பில் சட்டத்தரணி தாக்கல் செய்யலாம். அவன் ஒவ்வொரு தவணைக்கும் கொழும்புக்கு அலைய வேண்டியதில்லை. 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டத்தில் சித்திரவதை தனிக் குற்றம், ஏழு வருடத்துக்குக் குறையாமல் பத்து வருடம் வரை சிறை. அந்த வழக்கைப் போட வேண்டியது சட்டமா அதிபர், போடுவது மேல் நீதிமன்றத்தில். அது உங்கள் கையில் இல்லை. மிக அருமையாகத்தான் அந்த வழிக்கு வழக்கு போகிறது. அதை நம்பி இருங்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

காலமும் செல்லும். 2010இல் தெற்கில் ஒருவரைப் பொலிஸார் பிடித்துச் சித்திரவதை செய்த வழக்கின் தீர்ப்பு 2023 டிசம்பர் 14ஆம் திகதிதான் வந்தது. பதின்மூன்று வருடம். ஆனால் அந்தத் தீர்ப்பில் உயர் நீதிமன்றம் பொறுப்பாளிகளாகக் கண்டவர்களில் ஒருவர், தீர்ப்பு வந்த அன்றைக்கு பதில் பொலிஸ் மா அதிபராக இருந்தவர். நட்டஈட்டைச் சொந்தப் பணத்தில் கட்டச் சொன்னார்கள். அந்த மனிதர் முறையிட்டபோது அவருக்கு முன்னால் எவ்வளவு பெரிய ஆட்கள் நின்றார்கள் என்று தம்பி ஒருதரம் நினைத்துப் பார்க்கட்டும். அதே 2023 நவம்பரில் வட்டுக்கோட்டையில், களவுச் சந்தேகத்தில் பிடிபட்ட ஒரு பொடியன், தம்பியை விடச் சில வயது மூத்தவன், இறந்து போனான். சாவதற்கு முன் தன்னை எப்படி அடித்தார்கள் என்று அவன் சொன்ன காணொளி வெளியே வந்தது. யாழ்ப்பாணத்தில் நீதவான் விசாரணை நடந்து, பொலிஸார் சிலர் கைதாகி விளக்கமறியலுக்குப் போனார்கள். அந்தப் பொடியன் சொல்லிவிட்டுத்தான் போனான். உங்கள் தம்பி உயிரோடு இருந்து சொல்ல முடியும்.

தம்பிக்கு ஒரு வார்த்தை. மகன், நீ அந்தப் படத்தை இடையில் எழும்பிப் போகாமல் அவர்களைச் சுடும் வரை பார்த்தாய் என்று அக்கா எழுதியிருந்தா. கோட்டுக் காட்சியில் சிரித்தாய் என்றும் எழுதியிருந்தா. நான் அந்த வரியைத்தான் திரும்பத் திரும்ப வாசித்தேன். நீ எங்கே சிரித்தாயோ அந்த இடத்துக்குத்தான் உன்னைக் கூட்டிப் போகப் பார்க்கிறேன்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு நான் பெரியாஸ்பத்திரி வெளிநோயாளர் பிரிவு வாசலில் நிற்பேன், பத்தரைக்குத்தான் எனக்குக் கோட். அடையாள அட்டையும் பழைய கிளினிக் கொப்பி இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள். காலையில் அவனுக்கு ஏதாவது சாப்பிடக் கொடுத்துக் கூட்டி வாருங்கள், அங்கே வரிசை நீளம். அவன் மனம் மாறாவிட்டால் நீங்கள் மட்டும் வாருங்கள், சனிக்கிழமை நிலையத்தில் நடந்ததை உங்கள் வாயால் முதலில் எழுதி வைப்போம்.